சொந்தத் தொழிலா? சம்பள வேலையா?

"பிளஸ் டூ முடிச்சதும் என்ன செய்யப் போற?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர், "காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போறேன்" என்கிறோம். மீதிப் பேர், "அப்பாவோட படகுக்குப் போறேன், யாருக்கும் கைகட்டி நிக்க வேணாம்" என்கிறோம். எது சரி? ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

முதலில் நாள் கணக்கு. பழவேற்காடு ஏரியில் தினமும் தொழில் கிடையாது. காற்று, புயல் நாட்கள் போகும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் மீன் வரத்து குறையும். சில குப்பங்களில் 'பாடு' முறை உண்டு. இறால் அதிகம் கிடைக்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு முறை என்று வலை கட்டுவார்கள். எல்லோருக்கும் பங்கு கிடைக்கும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் நம் முறை வராத நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பேச்சுக்கு, மாதம் 18 நாள் தொழில் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 5 கிலோ, கிலோ 300 ரூபாய். வரவு 1,500. எண்ணெய், ஐஸ் செலவு 500. மிச்சம் 1,000. மாதம் 18,000. வலை, படகு பழுதுக்கு 3,000 எடுத்து வைத்தால் கையில் நிற்பது 15,000.

இரண்டாவது, முதல் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். வியாபாரி முன்பணம் கொடுப்பார், "வட்டியே இல்லப்பா" என்பார். ஆனால் மீனை அவருக்கே போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். கிலோவுக்கு 60 ரூபாய் குறைத்தாலே மாதம் 5,400 ரூபாய் போச்சு! முன்பணமோ அப்படியே நிற்கும். வங்கிக்கு மாதம் 4,000 தவணை கட்டினால் கடன் ஒரு நாள் தீரும். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான 'சிசு' கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை.

மூன்றாவது, சம்பளத்தையும் இதே மாதிரி எழுதுங்கள். பஸ் செலவைக் கழியுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, காண்ட்ராக்ட் எத்தனை மாதம் என்று கேளுங்கள். கம்பெனியில் காய்ச்சலில் படுத்தால் இ.எஸ்.ஐ. இருக்கும். படகுக்காரருக்கு அன்றைக்கு வரவே இல்லை. அதனால் சொந்தத் தொழிலில் இறங்கும் முன் மூன்று மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும்.

பனை ஓலைக் கூடை பின்னும் அக்காவுக்கும், மீன் ஊறுகாய் போட நினைக்கும் தோழிக்கும் இதே கணக்குதான்.

படகு நம்முடையது என்பதால் மட்டும் அது சொந்தத் தொழில் ஆகாது. பிடித்த மீனுக்கு விலை பேசும் உரிமையும் நம்மிடம் இருக்க வேண்டும். அது இருந்தால் தைரியமாக இறங்கலாம். இல்லையென்றால் கொஞ்ச நாள் சம்பளத்துக்குப் போய் முதல் சேர்த்துவிட்டு வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஏரியில் இறங்குவதற்கும் அதுதான்!