குழலை மாற்றுமுன்

அமெரிக்காவில் குடியேறிவிட்ட வாசகர் ஒருவர், தம்மிடமுள்ள ரூகர் 10/22 என்னும் மலிவான துப்பாக்கிக்குப் புதுக் குழலும் புது விசையும் புதுக் கட்டையும் வாங்கிப் பூட்டலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். துப்பாக்கியின் விலையைப்போல் இரு மடங்கு வருகிறது. பழைய சைக்கிள் ஒன்றுக்கு டைனமோவும் கேரியரும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போய், சங்கிலிக்கு எண்ணெய் விட மறந்து நடுவழியில் நின்றவன் நான். ஆகையால் அந்த ஆசை எனக்கு அந்நியமானதன்று.

1964-இல் வெளிவந்த அந்த யந்திரத்தில் என் மனத்தைக் கவர்ந்த விசேஷம், பத்துத் தோட்டா கொள்ளும் அதன் மேகசின்தான். இது சுடும் .22 தோட்டாவின் அடியில் விளிம்பொன்று துருத்திக்கொண்டிருக்கும்; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், என் வீட்டு மூலையில் சாத்திவைத்த வளைபிடிக் குடைகளைப்போல், ஒன்றன் விளிம்பில் மற்றொன்று மாட்டிக்கொள்ளக்கூடும். இதைத் தயாரித்த ரூகரோ அடுக்குவதையே விட்டுவிட்டு, சுழலும் உருளையொன்றின் பள்ளங்களில், திருவிழா ராட்டினத்தில் தொட்டிக்கொரு குழந்தையை உட்காரவைப்பதுபோல், தோட்டாக்களைத் தனித்தனியே உட்காரவைத்தார். மான்லிகர் ஷோனாவர் முதலிய பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் இருந்த யோசனைதான்; மலிவான கருவிக்குள் அதைப் புகுத்தியதே சாமர்த்தியம்.

குழல் இரண்டே திருகாணிகளில் நிற்பதால், அதை எவரும் வீட்டிலேயே மாற்றலாம். இந்தச் சௌகரியமே சபலத்துக்கும் காரணம். ஆனால் துப்பாக்கியின் உடல் பின்புறம் மூடியிருப்பதால், சுத்தம் செய்யும் கம்பியைக் குழலின் வாய்வழியாகவே செலுத்தவேண்டியிருக்கிறது. அஜாக்கிரதையாகச் செலுத்தும் இரும்புக் கம்பி நாளடைவில் அந்த வாய் விளிம்பைத் தேய்த்துவிட, குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒருபக்கமாகப் பிய்த்துக்கொண்டு அதைச் சாய்த்துவிடுகிறது. தாம் செய்த சேதத்துக்குத் துப்பாக்கியைப் பழித்து, புதுக் குழல் வாங்கி, அதையும் அதே கம்பியால் தேய்ப்பவர்களை என்னவென்பது?

விசையைப் பற்றி அன்பர் சொல்லும் குறை நியாயமானது; தொழிற்சாலையிலிருந்து வருவது சற்றுக் கனமானதே. அதை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். வீட்டில் அரத்தால் ராவவேண்டாம். குழலைச் சுத்தம் செய்யக் கம்பியைத் தவிர்த்து, பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் துப்புரவுக் கயிற்றைப் பயன்படுத்தட்டும். பிறகு நான்கைந்து வகைத் தோட்டாக்களை வாங்கி, மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, ஐம்பது கஜத்தில் வகைக்குப் பத்தாகச் சுட்டு, அந்தக் காகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதட்டும்.