உள்ளே கசியும் இரத்தம்



செம்பனைத் தோட்டத்து மக்களுக்கு எலி மருந்து புதிதன்று. பழக்குலையைக் கடித்துப் பாழாக்கும் எலிகளுக்காக மரத்தடியில் வைக்கும் கட்டிகளை வேலைக்காட்டில் பார்த்திருப்பீர்கள். 1948இல் அமெரிக்காவில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த வார்ஃபரின், நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் பல ஆண்டுகள் பயன்பட்டது. அதே பொருளை 1954 முதல் மருத்துவர்கள் சிறு அளவில் மனிதருக்கும் கொடுத்து வருகின்றனர். இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், காலில் இரத்தம் கட்டியவர்களுக்கும் அது உயிர்காக்கும் மாத்திரை. "எலி மருந்தையா தின்பது?" என்று பயந்து தாமாகவே நிறுத்திவிட்டவர்களை நான் அறிவேன். அப்படி நிறுத்தினால் இரத்தம் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் சிலவற்றைக் கல்லீரல் வைட்டமின் கே என்னும் சத்தின் துணையால் உண்டாக்குகிறது. வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கிறது. முன்பே உண்டானவை தீரச் சில நாள் ஆகும். மருந்தைத் தின்ற எலி உடனே சாகாமல் நாள் கழித்துச் சாவது அதனால்தான். மனிதருக்கு அளவு மிஞ்சாதிருக்க ஐ.என்.ஆர். என்னும் சோதனை செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையில் வைட்டமின் கே மிகுதி. ஒரு வாரம் அள்ளி உண்பதும் மறுவாரம் அடியோடு விடுவதும் கணக்கைக் குலைக்கும்.

ஈற்றிலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டால் எவரும் பதறி ஓடுவோம். கண்ணுக்குத் தெரியாமல் தசைக்குள் கசிவதும் உண்டு. அது அபூர்வம். சோதனைக் கணக்கு சரியாக இருப்பவருக்கும் வரலாம்.

என்னிடம் படித்த பிள்ளையொருத்தியின் பாட்டிக்கு இப்படித்தான் நேர்ந்தது. நான்கு நாள் விடாத இருமல். திடீரென அடிவயிற்றில் ஒருபக்கம் வலி, கையில் தட்டுப்படும் கட்டி. வாயு என்று எண்ணித் தைலம் போட்டு உருவினார்கள். மாலையில் முகம் வெளுத்து, தலை சுற்றி விழுந்த பிறகே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். இருமிய வேகத்தில் வயிற்றுச் சுவரின் தசைக்குள் சிறு குழாய் கிழிந்திருந்தது. வைட்டமின் கே கொடுத்து, இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

இடுப்புத் தசையில் கசிந்தால் தொடை மரத்து, முழங்காலை நீட்ட இயலாது. நாக்கின் அடியில் கசிந்தால் வீங்கி மூச்சை அடைக்கும். கடுமையான தலைவலியும் அப்படியே. இவற்றுக்கு உருவுதலோ கடை மாத்திரையோ கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வார்ஃபரின் உண்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், மாத்திரைப் புத்தகத்தையும் கையோடு கொண்டு போங்கள்.