ஒரு டம்ளர் காபியும் நம் பொறுப்பும்

காலைத் திருப்பலி முடிந்ததும் நம்மில் பலர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. தெருமுனைக் காபிக் கடையில் சற்று நேரம் நிற்கிறோம். மாஸ்டர் டிகாக்‌ஷனையும் பாலையும் கலந்து, ஆற்றித் தருகிறார். ஊர்ச் செய்தி, பிள்ளைகளின் படிப்பு, மழை நிலவரம் எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. குடித்து முடித்ததும் பேப்பர் கப்பைக் கசக்கிக் கூடையில் போடுகிறோம். கூடை நிறைந்திருந்தால் அதன் அருகில் போடுகிறோம். அதோடு அந்தக் காபியை மறந்துவிடுகிறோம்.

அன்புக்குரியவர்களே, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு என்றதும் நாம் பெரிய தொழிற்சாலைகளையே நினைக்கிறோம். நம் தெருக் கடைக்கும் அப்பொறுப்பு உண்டு. அங்கே காசு கொடுத்துக் குடிக்கும் நமக்கும் உண்டு. ஒரு கடை எப்படி நடக்கிறது என்பதை அறிய நான்கு கேள்விகள் போதும்.

1. காபியை எதில் தருகிறார்கள்?

பேப்பர் கப் வெறும் காகிதம் அன்று. காகிதம் மட்டுமே என்றால் சூட்டில் ஊறிவிடும். ஆகவே பெரும்பாலான கப்புகளின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுகிறது. இரண்டும் எளிதில் பிரியாததால் மறுசுழற்சி செய்வது கடினம். மண்ணில் முழுதாக மட்குவதும் இல்லை. இத்தகைய கப்பில் 100 மி.லி. சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய கப்புகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ஆயினும் அவை நம் கைகளை விட்டுப் போகவில்லை.

"டம்ளர் சுத்தமாக இருக்குமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் அது சுத்தம் ஆகாது. ஆனால் காபிக் கடையில் பாய்லர் நாள் முழுவதும் கொதிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி எடுத்தால் எவர்சில்வர் டம்ளர் பல ஆண்டுகள் உழைக்கும்.

2. காபித்தூள் எங்கிருந்து வருகிறது?

ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, நீலகிரி, வால்பாறை ஆகிய இடங்களில் காபி விளைகிறது. நம் நாட்டில் காபிச் செடி பெரும்பாலும் மரநிழலில், மிளகுக் கொடியோடு வளர்கிறது. அம்மரங்கள் இருந்தால்தான் மலைமண் மழையில் கரையாது, பறவைகளும் தங்கும். மரத்தைக் காக்கும் சிறு விவசாயிக்கும், பழம் பறிக்கும் தொழிலாளிக்கும் உரிய விலையும் கூலியும் கிடைக்க வேண்டும் அல்லவா?

இக்கேள்வியை உலகச் சந்தையில் எழுப்பியவர்களுள் ஒருவர் கத்தோலிக்க அருள்பணியாளர். நெதர்லாந்தைச் சேர்ந்த பிரான்ஸ் வான் டெர் ஹோஃப், மெக்சிகோவின் வாகாகா மாநிலத்தில் பழங்குடிக் காபி விவசாயிகளோடு உழைத்து வாழ்ந்தார். இடைத்தரகர்களிடம் விளைச்சலை மலிவாகக் கொடுத்து அவர்கள் வறுமையில் வாடுவதைக் கண்டார். நிகோ ரோசன் என்பவருடன் சேர்ந்து, 1988இல் நெதர்லாந்தில் காபிக்கு நியாய வணிக முத்திரையைத் தொடங்கினார். 2024இல் அவர் காலமானார். அவர்கள் தொடங்கிய முயற்சி இன்று பல நாடுகளில் தொடர்கிறது.

3. கடையில் வேலை செய்வது யார்?

டம்ளர் கழுவுகிற பையனுக்கு வயது என்ன என்று நாம் கேட்டதுண்டா? 14 வயது நிறையாதவர்களைக் கடை வேலையில் அமர்த்துவது சட்டப்படி குற்றம். விடியுமுன் வந்து இரவு வரை நிற்கும் மாஸ்டருக்கு உட்கார ஓர் இடம் உண்டா? கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர்க்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது.

4. யாருக்கு எந்த டம்ளர்?

இதுவே மிகவும் வலிக்கும் கேள்வி. தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை நம் ஊர்களில் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னும் அது வேறு வடிவம் எடுத்தது. சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்கு மட்டும் தூக்கி எறியும் கப் என்று பிரித்தவர்கள் உண்டு. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. கல்லறைத் தோட்டத்தையே சுவர் வைத்துப் பிரித்தவர்கள் நம்மிடையேயும் உண்டு.

சுற்றுச்சூழல் நெருக்கடியும் சமூக நெருக்கடியும் ஒன்றே என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் கற்பித்தார். அதன் பொருளை ஒரு டம்ளரில் காணலாம். நன்கு கழுவி, எல்லோருக்கும் ஒன்றுபோலத் தரப்படும் டம்ளர் குப்பையையும் குறைக்கிறது, தீண்டாமையையும் மறுக்கிறது. ஒருவர் வாய் வைத்துக் குடித்ததை அடுத்தவர் வாங்கிக் குடிப்பது சிறிய காரியம் அன்று.

நாம் என்ன செய்யலாம்?

கடையில் "டம்ளரில் கொடுங்கள்" என்று கேட்போம். கழுவுவதற்கு ஆள் வைத்துக் கூலி கொடுப்பது சிறு கடைக்குச் சுமைதான். அதற்காக ஒன்றிரண்டு ரூபாய் கூடினால் முணுமுணுக்காமல் கொடுப்போம். காபிச் சக்கையைக் குப்பையில் கொட்டாமல் செடிக்கு உரமாக்கச் சொல்வோம்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் ஆலய வளாகத்தில் காற்றில் உருள்பவை யார் குடித்த கப்புகள்? ஒவ்வோர் அன்பியமும் ஐம்பது எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கிப் பொதுவில் வைத்தால், திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் அவையே போதும். கழுவும் வேலையை முறைவைத்து, ஆண்களும் பெண்களுமாகச் செய்வோம். ஒரே பந்தியில் அமரும் நாம், ஒரே டம்ளரைக் கழுவிக் குடிக்கவும் பழகுவோம்.