மே 31-க்குப் பிறகும் ஜீவனாம்சம்

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் மே 31 என்றாலே பிரிவு உபசார நாள். கேரள அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வு வயது 56. பள்ளியில் சேர்க்கும்போது மே மாதத்தையே பிறந்த மாதமாகப் பதிவுசெய்த பழைய வழக்கத்தால், மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அன்று ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். விவாகரத்தாகி, முன்னாள் மனைவிக்கு மாதந்தோறும் ஜீவனாம்சம் கொடுத்துவருபவர்களும் அவர்களுள் உண்டு. சம்பளம் நின்றபின் அந்தத் தொகை என்னவாகும்?

மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். தாமாகவே குறைத்துக்கொள்ள முடியாது. இதுதான் சட்டம். இருவரில் ஒருவருடைய சூழ்நிலை மாறினாலும் ஜீவனாம்ச ஆணையை மாற்றவோ ரத்து செய்யவோ இந்து திருமணச் சட்டத்தின் 25(2) பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 37-வது பிரிவு அந்த வேலையைச் செய்கிறது. ஜீவனாம்சம் பற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, 127 பிரிவுகளுக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, 146 பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. மனு போடாமல் பணத்தை நிறுத்தினால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். வாரன்ட் வரும், சிறைக்கும் போக நேரலாம்.

ஓய்வு பெற்றதாலேயே தொகை குறைந்துவிடாது. முப்பது ஆண்டு பணி முடித்த கேரள அரசு ஊழியருக்குப் பழைய திட்டத்தில் கடைசிப் பத்து மாதச் சராசரி ஊதியத்தில் பாதி ஓய்வூதியம். 80,000 ரூபாய் வாங்கியவருக்கு 40,000. அதில் 40 சதவீதத்தை கம்யூட்டேஷனாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டால் மாதம் 24,000 ரூபாயும் அகவிலைப்படியும் கைக்கு வரும். இந்த 24,000-ஐ மட்டும் காட்டி “எனக்கே போதவில்லை” என்பது முழுக் கணக்கல்ல. கம்யூட்டேஷனாகவும் பணிக்கொடையாகவும் பல லட்சம் கைக்கு வந்திருக்கிறதே! சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது இதற்காகவும்தான். மருத்துவச் செலவு, மறுமணக் குடும்பத்தின் பொறுப்பு ஆகியவற்றையும் நீதிமன்றம் பார்க்கும். 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவரின் மறுமணத்தைக் கருத்தில் கொண்டு மாத ஜீவனாம்சத்தை 23,000 ரூபாயிலிருந்து 20,000 ஆகக் குறைத்தது. ஜீவனாம்சத்தைத் தவிர்ப்பதற்காகவே வேலையை விட்டவருக்கு அந்தக் கரிசனம் கிடைப்பது அரிது.

மறுபக்கத்தில் முன்னாள் மனைவிக்கும் வயதாகிறது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஆண்டுகளுக்கு அவளுக்குப் பணிக்கொடையோ ஓய்வூதியமோ இல்லை. விவாகரத்தான மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமும் கிடையாது. முன்னாள் கணவர் இறந்தால் மாதத் தொகையும் பொதுவாக நின்றுபோகும். விலைவாசியோ ஏறிக்கொண்டே இருக்கிறது. அதனால் தொகையைக் கூட்டிக் கேட்கவும் அதே பிரிவுகள் இடம் தருகின்றன. 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாய் நிர்ணயித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்த்தவும் உத்தரவிட்டது. ஓய்வூதியத்தில் யாரும் கைவைக்க முடியாது என்ற நம்பிக்கையும் தவறு: மனைவியின் ஜீவனாம்சத்துக்காக அதை ஜப்தி செய்யலாம் என்று 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பளித்தது.

ஓய்வு பெறும் தேதி பணியில் சேரும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே விவாகரத்து உடன்பாட்டிலேயே ஓய்வுக்குப் பின் மாதம் எவ்வளவு, பணிக்கொடையில் பங்கு உண்டா என்று எழுதிக்கொள்வதுதான் இருவருக்கும் நியாயம். எழுதாமல் விட்டவர்கள், ஓய்வு ஆணை கைக்கு வந்ததும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஜீவனாம்சம் பாக்கி நிற்கும் பெண்கள் தாமதிக்க வேண்டாம்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவின் கீழ் பெற்ற ஆணைக்கு, ஒவ்வொரு தவணையும் பாக்கியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.