முதல் நாள் ஒத்திகை: காதால் கற்கும் பாடம்

நாடக ஒத்திகையின் முதல் நாளில் பெரும்பாலும் யாரும் நடிப்பதில்லை. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பிரதியை வாசிப்பதே வழக்கம். யாங்கோனில், லான்மடாவ் போன்ற பகுதியில் தமிழ் நாடகம் போட நினைப்பவர்களுக்கு இங்கேயே சிக்கல் தொடங்கிவிடும். 1960களில் பர்மாவின் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. அதன்பின் தமிழ்க் கல்வி கோயில்களையும் மாலை வகுப்புகளையும் நம்பி நின்றது. வீட்டில் தமிழ் பேசும் இளைஞர் பலருக்குத் தமிழ் எழுத்தை வாசிப்பது சிரமம். பிரதியைக் கையில் கொடுத்தால் கூச்சப்பட்டு மறுநாள் வராமல் போய்விடலாம்.

இதற்கு நம் மரபிலேயே வழி உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் வாத்தியார் சொல்லிக்கொடுக்க, சிறுவர்கள் திரும்பச் சொல்லியே பாடம் பண்ணினார்கள். தெருக்கூத்திலும் இதே முறைதான்.

ஆகவே முதல் நாளில், நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் முழு நாடகத்தையும் உரக்கப் படிக்கட்டும். பிறகு வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தரலாம். கைபேசியில் பதிவுசெய்து கொடுத்தால் வீட்டிலும் கேட்டுப் பழகுவார்கள். வசனத்தைப் பர்மிய எழுத்தில் குறித்துக்கொள்வதிலும் தவறில்லை. ழகரம் போன்ற ஒலிகளை மட்டும் சொல்லித் தருபவர் கேட்டுத் திருத்த வேண்டும்.