ரத்தம் சொல்லும் கணக்கு – 9: ஏறியது டி.எஸ்.எச்., இறங்கியது தைராய்டு

சென்ற வாரம் ஹீமோகுளோபின் வரை பார்த்தாயிற்று. அதே ரத்தச் சோதனைத் தாளில் இன்னும் கொஞ்சம் கீழே டி.எஸ்.எச். இருக்கும். அதற்கு எதிரே 8.2 என்று தடித்த எழுத்தில் விழுந்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் பேச்சு, "தைராய்டு ஏறிப்போச்சாம்." நடந்திருப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்.

டி.எஸ்.எச். கழுத்திலுள்ள தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரந்து அனுப்பும் ஆணை அது. பட்டாசு ஆலையில் வேலை மந்தமானால் ஃபோர்மேன் சத்தம் கூடுவதுபோல, தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய டி.எஸ்.எச். கூடிக்கொண்டே போகும். ஹார்மோன் லேசாகச் சரிந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு எகிறிவிடும். அதனால்தான் டாக்டரின் கண் முதலில் அங்கே போகிறது.

பெரும்பாலான லேப்கள் பெரியவர்களுக்கு 0.4 முதல் 4 அல்லது 5 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. அதைத் தாண்டிவிட்டது என்பதற்காக மறுநாளே மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும், தைராய்டு ஹார்மோனின் அளவைக் காட்டும் ஃப்ரீ டி4-ஐயும் பார்க்க வேண்டும். டி.எஸ்.எச். கூடி, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் சுரப்பு உண்மையிலேயே போதவில்லை. டி.எஸ்.எச். மட்டும் 6, 7 என்று நிற்க, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அது எல்லைக்கோட்டு நிலை. இதில் கணிசமானவை தாமாகவே இறங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதும், கூடவே ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்புரதச் சோதனையைச் செய்வதும் வழக்கம். கர்ப்பிணிக்குக் கணக்கு வேறு. முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே நடக்கிறது. அதனால் கர்ப்பிணிகள் அப்படித் தள்ளிப்போடக் கூடாது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ரிப்போர்ட்டுக்கு இன்னொரு கேள்வி சேர்கிறது: குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பட்டாசு மருந்து எரிய ஆக்சிஜன் தரும் உப்புகளில் ஒன்று பெர்குளோரேட். தண்ணீரில் சுலபமாகக் கரையும். மண்ணில் ஒட்டாது. கழுவிவிட்ட நீரோடும் மழையோடும் நிலத்தடிக்கு இறங்கிவிடும். ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து இசோபேயும் தமிழக ஆய்வாளர்களும் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதித்த முடிவு 2013-ல் வெளியானது. சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17-ல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அப்போது பரிந்துரைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டி பெர்குளோரேட் இருந்தது. உச்ச அளவு 7,690. மதுரை மாதிரி ஒன்றுகூட வரம்பைத் தாண்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வைத்த வரம்பு இன்னும் தாராளமானது, 70. அதை வைத்துப் பார்த்தாலும் அந்த உச்ச அளவு நூறு மடங்குக்கு மேல்.

தைராய்டுக்கு இதில் என்ன வந்தது? ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். ரத்தத்திலிருந்து அயோடினைச் சுரப்பிக்குள் இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. பெர்குளோரேட் அயோடினைவிட ஏறத்தாழ 30 மடங்கு வலுவாக அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 1950-களில் தைராய்டு அதிகம் சுரந்தவர்களுக்கு அதை அடக்க இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். சிலருக்கு எலும்பு மஜ்ஜை பழுதானதால் பிறகு கைவிட்டார்கள். அன்று தினமும் கொடுத்தது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். சிவகாசியின் உச்ச மாதிரியில் இருந்தது லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் மருந்தை நோயாளி மட்டும் சில மாதம் சாப்பிட்டார். கிணற்றுத் தண்ணீரை வீடே குடிக்கிறது, கைக்குழந்தை உட்பட.

அயோடின் போதுமான அளவு இருந்தால் உடல் ஓரளவு சமாளிக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பிளவுன்ட் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அயோடின் குறைந்த பெண்களுக்கு உடலில் பெர்குளோரேட் கூடக்கூட டி.எஸ்.எச்.சும் கூடியிருந்தது தெரிந்தது. இங்கேதான் உப்பு வருகிறது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தை ஒட்டியதுதான் உப்பளங்கள் உள்ள தூத்துக்குடி மாவட்டம். அப்படியிருந்தும் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பு சேர்ந்த வீடுகளின் விகிதத்தில் மாநிலங்களிலேயே கடைசி தமிழ்நாடுதான்: 61.9 சதவீதம். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 2006 முதல் தடை இருந்தும் இந்த நிலை. மூட்டையில் அள்ளிப் போடும் கல்லுப்பும், பெர்குளோரேட் கலந்த கிணற்று நீரும் ஒரே சமையலறையில் சேர்வது இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்து. 2012-ல் வந்த ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரப் பட்டியலில் பெர்குளோரேட்டே இல்லை. பட்டியலில் இல்லாததை வழக்கமான தண்ணீர்ச் சோதனை தேடாது. பட்டாசு வட்டாரக் கிணறுகளுக்காவது அரசு இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அதற்காக இங்கே ஏறும் ஒவ்வொரு டி.எஸ்.எச்.சுக்கும் பட்டாசைக் காரணம் சொல்ல முடியாது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் முதல் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய். 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆன்டி டி.பி.ஓ. கூடியிருந்தால் சந்தேகம் முதலில் அந்தப் பக்கம் போகும். அது இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் ஏறி நின்றால், தண்ணீரையும் உப்பையும் விசாரிப்பதில் அர்த்தம் உண்டு. பெர்குளோரேட் கொதிக்க வைத்தால் போகாது. ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு குறைக்கும். உடலுக்குள் போனது சில மணி நேரத்தில் சிறுநீரோடு பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், தண்ணீரை மாற்றினால் பலன் இருக்கும்.

லேப் எண்ணே ஏமாற்றும் சந்தர்ப்பமும் உண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். முடி கொட்டுவது தைராய்டு குறைவின் அடையாளமும்தான், ஆகவே டெஸ்டுக்கும் போகிறார்கள். சில கருவிகளின் சோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது அதிகமிருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். தைராய்டு குறைந்தவருக்கு அதிகம் என்று ரிப்போர்ட் வரும்! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இதற்கு எச்சரிக்கையே விட்டது. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துவது நல்லது.

இனி வைட்டமின்கள். கந்தக பூமி என்று பெயரெடுத்த மாவட்டத்தில் வைட்டமின் டி குறைவா என்று பலரும் வியக்கிறார்கள். வெயில் ஊரில் அடித்தால் போதாது, தோலில் பட வேண்டும். நாளெல்லாம் அறைக்குள் பட்டாசுக்கு மருந்து செலுத்துபவர் மீது எங்கே படும்? நம்மூர் நம்பிக்கைக்கு மாறாக, காலை இளவெயிலில் வைட்டமின் டி அதிகம் ஊறுவதில்லை. திருப்பதியில் நடந்த ஆய்வு காட்டிய நேரம் பகல் 11 முதல் 2 வரை. ரிப்போர்ட்டில் அலகைக் கவனிக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமும் லிட்டருக்கு 50 நானோமோலும் ஒரே அளவுதான். 30-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று பயமுறுத்தும் ரிப்போர்ட்டுகள் இன்னும் வருகின்றன. அந்த 30 வரம்பை அமெரிக்க எண்டோக்ரைன் சொசைட்டியே 2024-ல் விட்டுவிட்டது. வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

பி12 பால், முட்டை, மீன், கறி வழியாகத்தான் வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு அது குறையும். கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் தலையில் போடாமல் இதையும் பார்ப்பது நல்லது.

இத்தனையையும் ஒரே பேக்கேஜில் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இயல்பு எல்லை என்பதே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. ஒன்றையொன்று சாராத 20 சோதனை செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டிக் காட்டும் வாய்ப்பு 64 சதவீதம். டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோக வேண்டும். குடிப்பது எந்தத் தண்ணீர், வாங்குவது எந்த உப்பு என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் கிரியாட்டினின்.