வலிக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள்

2023 பிப்ரவரியில் ஹைதராபாத் அப்போலோ மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் சுதிர் குமார், தன்னிடம் வந்த ஒரு நோயாளியைப் பற்றி ட்விட்டரில் எழுதினார். முப்பது வயதுப் பெண். ஒன்றரை ஆண்டாகவே பார்வையில் கோளாறு. மின்னல் வெட்டுவதுபோல் ஒளிக்கீற்று தெரியும், கண் முன்னே புள்ளிகள் மிதக்கும், கறுப்பு நெளிகோடுகள் தெரியும். நள்ளிரவில் பாத்ரூம் போக எழுந்தால் சில விநாடிகள் எதுவுமே தெரியாது.

கண் மருத்துவர் ஏற்கெனவே பரிசோதித்திருந்தார். கண்ணில் குறையில்லை. நரம்பில் ஏதாவது இருக்குமோ என்றுதான் அந்தப் பெண் சுதிர் குமாரிடம் வந்திருந்தார். பேசிப் பார்த்ததில் காரணம் வெளிப்பட்டது: குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு வீட்டிலிருந்தவருக்குச் செல்போனே பொழுதுபோக்கு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை, ஸ்கேனுக்கும் அனுப்பவில்லை. போனைக் குறைக்கச் சொன்னார். ஒரே மாதத்தில் பார்வை பழையபடி ஆனது.

செய்தி நாடெங்கும் பரவியது. ‘இருட்டில் போன் பார்த்தால் பார்வை போகும்’ என்பதைத்தான் பலரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் முதலில் கண் மருத்துவர், பிறகு நரம்பியல் மருத்துவர் என்று இருவர் பார்த்த பின்புதான் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்ற முடிவு வந்தது. அதே ஒளிக்கீற்றும் அதே புள்ளிகளும் இன்னொருவருக்கு விழித்திரை கிழிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். வீட்டிலிருந்தபடியே இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது.

லண்டனிலும் இப்படி ஒன்று நடந்தது. இரண்டு பெண்களுக்கு அவ்வப்போது ஒரு கண்ணில் மட்டும் பார்வை மறைந்து திரும்பியது. மருத்துவர்கள் பக்கவாதத்தின் முன்னறிகுறியோ என்று அஞ்சினார்கள். ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் புதைந்திருக்க, மறு கண்ணால் போன் பார்த்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. புதைந்திருந்த கண் இருட்டுக்குப் பழகிவிட, திரையைப் பார்த்த கண் வெளிச்சத்துக்குப் பழகியிருந்தது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2016-இல் இது வெளிவந்தது. மருத்துவர்கள் ஏன் முதலில் பக்கவாதத்தை நினைத்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் பிரதான தமனி அடைபட்டால் ஒரு கண் சட்டென்று இருண்டுவிடும். வலி துளியும் இருக்காது. வலியில்லாததால்தான் ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று படுக்கப் போகிறார்கள். விழித்திரை தாங்குவதோ சில மணி நேரம்தான். இந்த அடைப்புதான் கண்ணுக்கு வரும் பக்கவாதம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். பார்வை ஐந்து நிமிடம் மறைந்து தானே திரும்பிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்து மூளைக்கே அடைப்பு வரக்கூடும். கூடவே வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

விழித்திரை பிரிவதும் வலிக்காது. புள்ளிகள் திடீரென்று கூட்டமாகப் பெருகும், பக்கவாட்டில் ஒளி வெட்டும், பிறகு ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இழுத்தாற்போல் பார்வை மறையும். கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். திரை நடுப்பகுதியை எட்டுவதற்குள் அறுவை நடந்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

வலியோடு வருவது இன்னொரு வகை. கண் சிவந்து, தலை பிளந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். கண்ணின் உள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டு வலித்து, மெல்லும்போது தாடை நோகிறது என்றாலும் அது கண்ணுக்கு வந்த எச்சரிக்கைதான்.

வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால் மருத்துவமனைக்கு ஓடும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் கண்ணைக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பட்டாசுச் சிதறலோ கம்பியோ கண்ணைக் குத்தியிருந்தால் மட்டும் கழுவவோ கசக்கவோ கூடாது. தீபாவளி இரவுகளில் ஹைதராபாத் மெஹ்திப்பட்டினத்து சரோஜினி தேவி அரசு கண் மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் இப்படிக் காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஒரு கண்ணில் குறை வந்தால் மறு கண் அதை மறைத்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை சுவரில் தொங்கும் தினக்காலண்டர் முன் நின்று, கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடித் தேதியைப் பாருங்கள். பிறகு மறு கண். எழுத்து கலங்கினாலோ, நேர்கோடு வளைந்தாலோ, ஒரு மூலை காணாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பார்வை சட்டென்று போனால் நீங்களே வண்டி ஓட்டாதீர்கள், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.